சுறாவின் தலைக்கயிறு

மைராம் அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் மலையடிவாரத்துச் சோஸ்னோவ்கா வரை வந்திருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூட வீட்டிலேயே தயார் பண்ணி வைத்திருந்தாள். "நல்ல வண்டிதான், நமக்கு ஒத்துவராது." இவ்வளவுதான். சம்பந்தம் பேச வந்தவர்கள் மனம் நோகாமல் நழுவும்போது சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் காரா-பால்டாவுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டு பாக்திகுலின் ஜப்பான் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட வேண்டும். பாக்திகுல் இன்று சாயங்காலம் வரைதான் பொறுப்பேன் என்றிருந்தாள். அவளுக்கு வேறு ஆள் காத்திருந்தான்.

அந்த ஜப்பான் வண்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வருடக்கணக்காக ஓடியும் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. காலையில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய கணவர் குபாத்திடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வாஷிங் மெஷின் மாதிரி இருக்கு. துணி வெளுக்கும்," என்றார் அவர்.

"அதுதானே வேணும்?"

"அதுதான் வேணும். வேண்டாம்னு யாரு சொன்னா?"

சொன்ன குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. குபாத் முப்பது வருடம் பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கு வாடகை வேன் ஓட்டியவர். அவர் வைத்திருந்த வண்டிகள் எல்லாமே சோறு போடுகிற வண்டிகள். நிற்காமல் ஓட வேண்டும், பன்னிரண்டு பேர் ஏற வேண்டும், டீசல் கம்மியாகக் குடிக்க வேண்டும். தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு வண்டியை அவர் வாங்கியதே இல்லை. மனைவியையாவது பிடித்து வாங்கினாரா என்று மைராம் கேலி செய்வதுண்டு.

போன வசந்தத்தில் அவருக்கு மாலைக்கண் என்று தெரிந்தது. கண் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னாள்: இது பக்கவாட்டிலிருந்து மெள்ள மெள்ள மூடிக்கொண்டு வரும், இப்போதைக்குப் பகலில் ஓட்டலாம், இருட்டில் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது, பிறகு பகலும் இல்லை. எத்தனை வருடம் என்று மைராம் கேட்டதற்கு இரண்டு விரலைக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் நீட்டினாள். அந்த வாரமே குபாத் வேனை விற்றுவிட்டார்.

ஆக, இப்போது வாங்கப்போவது அவர் ஓட்டப்போகிற கடைசி வண்டி. அவருக்குப் பிறகு அதே வண்டியை ஓட்டப்போகிறவள் மைராம். அவளுடைய அண்ணன் வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம், சூசாமிரில். அவர்களுடைய ஆடும் குதிரையும் அங்கேதான் மேய்கின்றன. பனிக்காலமானாலும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது மலையைத் தாண்டியாக வேண்டும். கண் தெரியாத மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பனியில், நடு மலையில், நின்றுபோன ஒரு வண்டிக்குள் தான் உட்கார்ந்திருப்பதை அவள் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். அதனால்தான் அந்தப் பதிலை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்.

வண்டியை விற்கிறவன் ஜுமாலி. அவன் வாசலில் நின்றிருந்த அதை அந்தச் சாலையில் எல்லோரும் சுறா என்றுதான் சொல்வார்கள். மூக்கு முன்பக்கம் சாய்ந்து இறங்கியிருக்கும். ஜெர்மன் வண்டி, கருநீலம், ஆறு சிலிண்டர், கையால் மாற்றுகிற கியர். ஓஷில் கட்டிக்கொடுத்திருக்கும் மைராமின் மகள் நுர்ஸாத்தைவிட அதற்கு வயது அதிகம். அதன் கூரையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணே, வாங்கக்கா. முதல்ல ரொட்டி பிச்சு வாயில போடுங்க, அப்புறம் பேசலாம்," என்று ஜுமாலி தட்டை நீட்டினான். நாற்பது வயதிருக்கும், எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறவன் போன்ற முகம்.

கதவருகே அவன் மனைவி தோளுக்கு ஒன்றாக இரண்டு கைக்குழந்தைகளோடு நின்றாள். "எப்படியாவது எடுத்துட்டுப் போயிடுங்கக்கா, புண்ணியமாப் போகும். அஞ்சு பிள்ளைங்க, ஒரு சுறா. இவருக்கு எது மேல பாசம்னு இன்னும் முடிவாகலை!"

"வேன் வாங்கித்தான் ஆகணும்னு உத்தரவு," என்றான் ஜுமாலி, குபாத்திடம் தாழ்ந்த குரலில். குபாத் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை. வண்டியின் முன்மூடியைத் தூக்குவதற்கு முன் அவர் தலையிலிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டதை மைராம் பார்த்தாள். பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழைகிறாராம்! அடிபட்ட இடத்தைப் பூசி மறைத்திருக்கிறதா என்று துணி சுற்றிய காந்தத்தைக் கதவுகளில் ஒட்டிப் பார்த்தார், எண்ணெயை முகர்ந்தார், மண்ணில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றைத் தட்டினார். எழுந்தபோது முதுகெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு.

"ரேடியேட்டர் தண்ணித் தொட்டிக்குக்கூடப் புது மூடி போட்டிருக்கான் பாரு, மைராம். கண்ணும் கருத்துமா வச்சிருக்கான்."

"மூடியைப் பார்த்து யாராவது வண்டி வாங்குவாங்களா?"

"சின்ன விஷயத்துலதான்டி பெரிய விஷயம் தெரியும்."

அந்த நேரத்தில்தான் ஜுமாலி தொண்டையைக் கனைத்தான். "அண்ணே, ஒண்ணைச் சொல்லிடறேன். பின்னால என்னைத் திட்டக் கூடாது. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்து ஓட்டிப் பார்த்தாங்க. ரெண்டு தடவையும் மலையில கொதிச்சுப்போச்சு. ஆனா ஒன்பது வருஷமா நான் ஓட்டறேன், ஒரு நாள் கொதிச்சதில்லை, சத்தியமா! விக்கறதுன்னு முடிவு பண்ணதிலிருந்துதான் இப்படி." குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டான். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணே. போக மனசில்லை."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது மைராமுக்கு. விற்கிறவன் எந்தக் காலத்தில் உள்ளதைச் சொன்னான்? நாம் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும், மலையே சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு, "அதனால என்ன, கணவாய் வரைக்கும் ஓட்டிப் பார்த்துடலாமே," என்றாள். ஜுமாலி பின்சீட்டில் ஏறிக்கொண்டான். பிள்ளைகள் மூவரையும் இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஊர் தாண்டும் வரை குபாத் சுறாவை மெதுவாகத்தான் ஓட்டினார். பள்ளத்தாக்கு குறுகி, இரண்டு பக்கமும் பாறை எழும்பி, சாலை ஆற்றோடு சேர்ந்து வளையத் தொடங்கியதும் கியரை ஒன்று குறைத்தார். வண்டியின் சத்தம் மாறியது. அதுவரை தொண்டைக்குள் முனகிக்கொண்டிருந்த ஒன்று வாயைத் திறந்து பாட ஆரம்பித்ததைப் போல இருந்தது. மைராமின் முதுகு சீட்டோடு அழுந்தியது.

முப்பது வருடமாக அவர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். பின்சீட்டில் தூங்குகிறவன் தலை சாயக்கூடாது. அதுதான் அவர் தொழில். பிரேக் போட்டதே தெரியாமல் நிறுத்துவார். வண்டி ஓட்டுவதென்றால் அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள். இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ. வளைவு வருவதற்கு முன்பே அவர் கைக்கு அது தெரிந்திருந்தது. ஒரே இழுப்பு, வண்டி பாறை ஓரமாக உள்ளே நுழைந்து, வெளியே வரும்போது இன்னும் வேகமாக வந்தது. டயர் கத்தவில்லை, எதுவும் குலுங்கவில்லை. ஒரு லாரியைத் தாண்டினார், அடுத்த மூச்சில் இன்னொன்றை.

"பார்த்தியா? நானே பார்த்து நானே தாண்டறேன்," என்றார். "அந்த ஜப்பான் வண்டியில ஸ்டியரிங் வலது பக்கம், நாம சாலையில போறதும் வலது ஓரம். எதிர்ல என்ன வருதுன்னு நீ எட்டிப் பார்த்துச் சொல்லணும்."

"எப்படியும் ஒரு நாளைக்கு நான்தானே சொல்லப்போறேன்."

"அந்த ஒரு நாள் வரட்டும். இன்னிக்கு எனக்குத் தெரியுது."

வண்டி வளைவுக்கு மேல் வளைவாக ஏறிக்கொண்டே போனது. மைராமின் அப்பா பந்தயக் குதிரை பழக்குகிறவர், ஓயாமல் பேசுகிற மனிதர். நடைக்குதிரையில் சந்தைக்குப் போகும்போது வழி நெடுகப் பேசிக்கொண்டே போவார். உண்மையான ஓட்டக்குதிரை ஒன்று முழு வீச்சில் ஓடுவதைப் பார்க்கிறபோது மட்டும் வாயடைத்துப் போய்விடுவார். வெகுநேரமாகத் தானும் ஒன்றுமே பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயத்தில் இல்லை. வியப்பில். இந்த மனிதர் கைக்குள் இவ்வளவு இருந்ததா? இதை வைத்துக்கொண்டா முப்பது வருடம் தூங்குகிறவர்களின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

மரங்கள் முடிந்து புல் மட்டும் இருக்கிற உயரத்துக்கு வந்தபோது எதிரே சாலை முழுவதும் குதிரைகள். கோடை மேய்ச்சல் முடிந்து மந்தைகள் கீழே இறங்குகிற காலம். குபாத் ஓரமாக நிறுத்தினார். குதிரைகள் இரண்டு பக்கமும் பிரிந்து உரசிக்கொண்டு போயின, பின்னால் செம்மறியாடுகள், முடிவே இல்லாமல். வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெப்பமுள் எழும்ப ஆரம்பித்ததை மூன்று பேருமே பார்த்தார்கள். முள் சிவப்பைத் தொட்டது, முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. குபாத் சாவியைத் திருப்பி அணைத்தார்.

"என்னப்பா, சுறாவுக்குத் தாகமா?" ஆடுகளின் பின்னால் குதிரையில் வந்த மேய்ப்பன் சிரித்தான். "ஒரு குதிரை விட்டுட்டுப் போகட்டுமா? கட்டி இழுத்துக்கோங்க!"

"உன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போய்யா," என்றான் ஜுமாலி. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்துவிட்டான். "மறுபடியும் பண்ணிடுச்சு. மூணாவது தடவை."

குபாத் ஆவி பறக்கிற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "சரி, விடு. நீ சொன்னதுதான் சரி, மைராம். பாக்திகுல் வண்டியையே எடுத்துக்கலாம். அது நிக்காது."

கேட்க வேண்டும் என்று வந்த சொல் அதுதான். அதைச் சொன்ன குரல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கண் டாக்டரம்மா மூன்றாவது விரலை நீட்டியபோது "ரொம்ப நன்றிம்மா" என்று சொன்னாரே, அதே மரியாதையான குரல். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் அவளுக்கு அழுகையாக வந்தது. தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

வாயில் ஒன்றும் வராதபோது கைக்கு வேலை கொடுக்கிறவள் அவள். முன்மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தாள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது, வியர்வையைப் பற்றித் தெரியும். குதிரையை ஓடவிட்டு நிறுத்தியதும் அவள் அப்பா கால்களைப் பார்க்க மாட்டார். வியர்வை எங்கிருந்து வருகிறது, எங்கே வரவில்லை என்றுதான் பார்ப்பார். நோய் இருக்கிற இடம் தனியாக நனைந்திருக்கும் என்பார். அவள் குனிந்து பார்த்தாள். குழாய்கள் உலர்ந்திருந்தன. ரேடியேட்டர் முகம் உலர்ந்திருந்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. தண்ணித் தொட்டியின் மூடியைச் சுற்றி மட்டும் ஈரம் நுரைத்து, இன்னும் சீறிக்கொண்டிருந்தது. குபாத் மெச்சிய அதே புது மூடி.

"தம்பி, இங்க வா," என்று ஜுமாலியைக் கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லு. ஒன்பது வருஷத்துல கொதிச்சதே இல்லையா?"

"என் அஞ்சு பிள்ளைங்க மேல ஆணைக்கா."

அவள் அவனை நம்பினாள். அந்த நிமிடத்தில்தான் நம்பினாள். பொய் சொல்கிறவன் கொதிக்கும் என்று முன்கூட்டியே ஏன் சொல்லப்போகிறான்? மறைத்துக்கொண்டு நல்ல நாளாகப் பார்த்துக் கூட்டி வந்திருப்பானே.

"விக்கறதுன்னு முடிவு பண்ணதும் வண்டியில என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையேக்கா. கழுவினேன். உள்ளே துடைச்சேன். பிள்ளைங்க ஒட்டின மிட்டாயைச் சுரண்டினேன். அவ்வளவுதான்."

"தலைக்கயிறு எடுத்தியா?"

ஜுமாலி அவளையே பார்த்தான். அந்தப் பக்கத்தில் குதிரை விற்கிறவன் தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டான். கயிறும் சேர்ந்து போனால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே நடந்து போய்விடும். வண்டி வந்த பிறகும் வழக்கம் விடவில்லை. விற்கிற வண்டியிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். குபாத் விற்ற வேன்களின் கியர்க் குமிழ்கள் எல்லாம் இன்னும் காரா-பால்டா வீட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"எடுத்தேன்," என்றான் ஜுமாலி. கோட்டின் உள்பைக்குள் கைவிட்டான். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினான். கறுப்பு மூடி ஒன்று. பழசு, தடித்தது, உள்ளே ரப்பர் வளையமும் ஸ்பிரிங்கும் இருந்தன. "குதிரைன்னா கயிறோட, வாய் எச்சிலையும் துணியால துடைச்சு எடுத்து வச்சுக்குவாங்கல்ல? வண்டிக்கு வாய் எதுன்னு யோசிச்சேன். தண்ணி குடிக்கிற இடம் இதுதானே... சந்தையில ஒரு மூடி வாங்கிப் போட்டுட்டு இதை எடுத்துக்கிட்டேன்."

குபாத் அந்த மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

"அடப் பாவி! மலையில டீ போட்டதில்லையாடா நீ? இங்கெல்லாம் தண்ணி சட்டுனு கொதிச்சுடும். இந்த மூடி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் அது தாங்கும். அந்தச் சந்தை மூடி வெறும் தொப்பி. கயிறை எடுன்னா தொண்டையை அறுத்து எடுத்துட்டு வந்திருக்கியே!"

"அப்போ... போக மனசில்லாம இல்லையா?" ஜுமாலியின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"நீங்க மட்டும் என்னவாம்?" மைராம் கணவர் பக்கம் திரும்பினாள். "புது மூடி போட்டிருக்கான், கண்ணும் கருத்துமா வச்சிருக்கான்னு சர்ட்டிபிகேட் குடுத்தது யாரு?"

"நான்தான்டி. ஆசை கண்ணை மறைச்சுடுச்சு. ஏற்கனவே பாதி மறைஞ்ச கண்ணு," என்றார் குபாத், இன்னும் சிரித்துக்கொண்டே. அதை வைத்து அவரே தமாஷ் செய்வது அதுதான் முதல் தடவை. ஒன்றும் விளங்காமல் ஜுமாலியும் சேர்ந்து சிரித்து வைத்தான்.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். மைராம் பையிலிருந்து குருத் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்; உப்புப்போட்டு உலர்த்திய தயிர் உருண்டை, வாயில் அடக்கிக்கொண்டால் பேச்சு குறையும். ஜுமாலி மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"என்ன தம்பி?"

"இல்லைக்கா... கயிறைத் திருப்பிக் குடுக்கறதுன்னா... வீட்டுல இப்பத்தான் ரெட்டைப் பிள்ளை பிறந்திருக்கு. இந்த நேரத்துல அதிர்ஷ்டம் வெளியே போச்சுன்னா?"

சிரிக்கிற விஷயமில்லை என்று மைராமுக்குத் தெரியும். "எங்கப்பா எத்தனையோ குதிரை வித்திருக்கார். தலையில கட்டினதைத்தான் எடுப்பார், தம்பி. குடிக்கறதுக்கும் மூச்சு விடறதுக்கும் வேணுங்கறதை எடுத்ததில்லை. நீயும் வேற ஏதாவது எடுத்துக்கோ. எது வேணும்னாலும்."

ஜுமாலி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கடைசியில் சாம்பல் கிண்ணத்தை உருவி எடுத்தான். "ஒன்பது வருஷத்துச் சிகரெட் இதுலதான். பொண்டாட்டிக்குத் தெரியாம குடிச்சது எல்லாம்."

"அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் உனக்கு ஏது, அவளுக்குத் தெரியாமப்போனதே!" என்றார் குபாத்.

ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, பழைய மூடியைப் போட்டு, கெட்டியாகத் திருகினார். சந்தை மூடியை முன்கண்ணாடி ஓரத்தில் வைத்தார். மறுபடி கிளம்பினார்கள். அதற்கு மேல் சாலை பின்னல் பின்னலாக ஏறியது. இன்னொரு மந்தை வந்து நிறுத்தியது, முள் நடுவில் நின்றது. நிலக்கரி லாரியின் புகையை விழுங்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஊர்ந்தார்கள், முள் அசையவில்லை. ஜுமாலி பின்சீட்டிலிருந்து எட்டி எட்டி அதையே பார்த்துக்கொண்டு வந்தான். லாரி ஒதுங்கியதும் குபாத் சுறாவை விட்டார். புதுப் பனி போட்ட முகடுகள் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறிப் பக்கம் மாறி எழும்பின. மனிதர் மெல்ல எதையோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார். இதை இவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவா நான் இன்று வந்தேன் என்று மைராம் நினைத்தாள்.

கணவாய் உச்சியில், மலையைக் குடைந்த சுரங்கப்பாதையின் வாய்க்கு முன்னால் குபாத் ஓரம் கட்டினார். பாட்டு நின்றது. கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"இறங்கு. நீ ஓட்டு."

"நானா? இதையா?"

"என்னாச்சு அண்ணே?" என்றான் ஜுமாலி.

"உள்ளே இருட்டு, தம்பி," என்றார் குபாத். பாதி மறைந்த கண் என்று அவர் சொன்னது ஜுமாலிக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கையிலிருந்த சாம்பல் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மைராம் சீட்டை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உள்ளூரில் வேனை நகர்த்தியிருக்கிறாள், அண்ணனின் ஜீப்பை மேய்ச்சல் நிலத்தில் ஓட்டியிருக்கிறாள். கியரைப் போட்டு மெதுவாகக் கிளப்பினாள். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பின்னால் போய்விட்டது. சுவரில் தண்ணீர் வழிந்தது. தூரத்துக்கு ஒன்றாக மங்கல் விளக்குகள். எதிரே வரும் லாரியின் விளக்கு புகைக்குள் மஞ்சளாகக் கரைந்து, சட்டென்று பக்கத்தில் வந்து கடந்தது.

"சத்தத்தைக் கேளு," என்றார் குபாத். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கேக்குதா? திணறுது. மூணுல போடு. இப்போ!"

போட்டாள். ஆறு சிலிண்டரும் ஒரே குரலாகச் சேர்ந்து எழும்பின. பாறைச் சுவர்கள் அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தன, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், மலையே வாய் திறந்த மாதிரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்டியரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்தது.

"அப்படித்தான்," என்றார் குபாத், கண்ணைத் திறக்காமலே. "எனக்கு எல்லாம் தெரியுது. எங்க போறோம், எவ்வளவு வேகம், எல்லாம்."

தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, வாசலாகப் பெரிதானது, உடைந்து திறந்தது. கீழே சூசாமிர் முழுவதும் கிடந்தது. அவள் பிறந்த பள்ளத்தாக்கு. இந்த வாசல் வழியாக எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், தூங்கிக்கொண்டும், வாங்க மறந்த சாமானை நினைத்துக்கொண்டும். பழுத்த புல் தரை ஒரே பொன்னாக, அதன் ஓரத்தில் வெள்ளை மலைகள், அதற்கு மேல் இவ்வளவு பெரிய வானம். கடவுளே, இது எப்போதும் இங்கேதான் இருந்ததா?

"இங்கேதான் எல்லாரும் நிறுத்திப் பார்ப்பாங்க," என்றார் குபாத்.

"இன்னும் ஒரு வளைவு."

ஒரு வளைவு போனது. அவள் நிறுத்தவில்லை. பின்சீட்டில் ஜுமாலி களுக்கென்று சிரித்தான். "அண்ணே, வண்டி உங்களுக்கா, அக்காவுக்கா?"

நாலைந்து வளைவு தாண்டித்தான் நிறுத்தினாள். இறங்கி, போனில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் பாக்திகுலைக் கூப்பிட்டாள். காற்றில் கத்த வேண்டியிருந்தது. "உங்க வண்டியை அந்த ஆளுக்கே குடுத்துடுங்க. நல்ல வண்டிதான், எங்களுக்கு ஒத்துவராது!"

திரும்பி வந்தபோது குபாத் இன்னும் பக்கத்துச் சீட்டிலேயே இருந்தார். முன்கண்ணாடி ஓரத்திலிருந்த சந்தை மூடியை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதைத் தூக்கி எறியலையா? எதுக்கும் உதவாத மூடி."

"இது எனக்கு." கோட்டின் உள்பையில் போட்டு, பொத்தானை மாட்டினார். "தலைக்கயிறு. வண்டியைக் குடுக்கறவன் எடுத்து வச்சுக்கணும் இல்லையா? பின்னால தேட வேண்டாம் பாரு."

மைராம் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜுமாலி அவசரமாக இறங்கி, எதிர்ப்பக்கம் போய் மலையைப் பார்த்தான்.

குபாத் கதவைத் திறந்து இறங்கினார். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். பிறகு அவளிடம் கையை நீட்டினார்.

"குடு சாவியை. சுரங்கம் வரைக்கும் வெளிச்சம் இருக்கு."